கேளுங்கள், சொல்கிறேன்: ‘இணையம்’ என்று ஓர் ஓவியர் இருக்கிறாரா?

போன மாதம் ஒரு மாணவரின் கேள்விக்குப் பதில் சொல்லும்போது, போகிற போக்கில், “அடுத்தவர் வரைந்த படத்தை எடுத்துப் போடும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்” என்று எழுதியிருந்தேன். பதிலின் முக்கியமான பகுதியை யாரும் கண்டுகொள்ளவில்லை, இந்த ஒரு வரிக்குத்தான் கடிதமும் மெயிலும் குவிந்திருக்கின்றன. பாதிப் பேர் படத்தைப் பறிகொடுத்தவர்கள், மீதிப் பேர் ‘அப்படியென்றால் நான் செய்வது திருட்டா?’ என்று கேட்பவர்கள். என்னைப் போல இரண்டு பக்கமும் நிற்பவர்களும் சிலர் உண்டு. அதனால் இந்த மாதம் முழுக்க இது ஒன்றுதான். மாமியார் பிரச்சினையும் வீட்டுக்கடனும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

*

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, ஈரோடு: வேலை முடிந்து வந்து டேப்லெட்டில் படம் வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுவது என் பழக்கம். என் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிற மாதிரி ஒரு படம் போட்டிருந்தேன். அதை ஒரு கடை காட்டன் பையில் அச்சடித்து 180 ரூபாய்க்கு விற்கிறது. என் கையெழுத்து இருந்த மூலையில் அவர்கள் லோகோ! மெசேஜ் போட்டால், “உங்களுக்கு விளம்பரம்தானே மேடம்” என்று பதில் வருகிறது. அம்மாவோ ‘வம்பு எதற்கு, விட்டுவிடு’ என்கிறார். விட்டுவிடவா?

விடாதீர்கள். வம்பை ஆரம்பித்தது நீங்கள் இல்லையே.

நீங்கள் அனுப்பிய ஒரிஜினலையும் பையின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டியின் வெற்றிலைப் பெட்டி மூடியில் ஒரு கோடு விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கை தவறி இழுத்துவிட்டு அழிக்க மறந்திருப்பீர்கள். பையிலும் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. கையெழுத்தை அழிக்கத் தெரிந்தவருக்கு அந்தக் கோடு கண்ணில் படவில்லை. மூக்குத்தி, சுண்ணாம்பு ஒட்டிய விரல் எல்லாவற்றையும் விட அந்தத் தப்புக் கோடுதான் உங்கள் சாட்சி, தயவுசெய்து இப்போது உட்கார்ந்து அதைத் திருத்திவிடாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் வருஷத்தது. அதன்படி நீங்கள் வரைந்து முடித்த நிமிஷமே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, எங்கேயும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. (நிறையப் பேர் இதைக் ‘காப்புரிமை’ என்று எழுதுகிறார்கள். அது பேட்டன்ட், கண்டுபிடிப்புகளுக்கு. படத்துக்கும் பாட்டுக்கும் பதிப்புரிமை.) பதிவு செய்தால் பின்னால் நிரூபிக்க வசதி. ஓவியத்துக்கு 500 ரூபாய் கட்டணம், விற்பனைப் பொருள்களில் பயன்படுத்தக்கூடிய ஓவியம் என்றால் 2,000. ஆனால் பதிவு இல்லை என்பதால் உரிமை இல்லை என்று ஆகாது. இன்ஸ்டாகிராமில் போட்டதாலும் உரிமை போய்விடாது. அங்கே நாம் படிக்காமல் ஓகே கொடுக்கிற விதிமுறையில் அந்த நிறுவனத்துக்கு அனுமதி கொடுக்கிறோமே தவிர, ஊரில் இருக்கிற பைக் கடைக்கெல்லாம் கொடுக்கவில்லை. ‘பொதுவில் போட்டால் பொதுச்சொத்துதானே’ என்பவர்களுக்கு உங்கள் பாட்டியின் திண்ணையையே காட்டலாம். வழிப்போக்கர் யாரும் உட்காரலாம், படுக்கலாம், தண்ணீர்கூடக் கேட்கலாம். காலையில் எழுந்து போகும்போது தூணைப் பெயர்த்துக்கொண்டு போனால்?

சரி, என்ன செய்வது? கடையோடு இனிமேல் மெசேஜில் பேசாதீர்கள். முதலில் ஒரு பையை வாங்கிவிடுங்கள், பில்லோடு, முடிந்தால் உங்கள் பெயரில் இல்லாமல். அவர்கள் பக்கத்தை, முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். லேயர்கள் (படத்தின் அடுக்குகள்) தனித்தனியாக இருக்கிற உங்கள் ஒரிஜினல் ஃபைலை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். அப்புறம் ஒரு மெயில். அதில் வருத்தம், ஆதங்கம், பாட்டி மீதான பாசம் எதுவும் வேண்டாம். “நீங்கள் விற்கும் பையில் உள்ள ஓவியம் நான் இந்தத் தேதியில் வரைந்தது. உங்களுக்கு நான் அனுமதி தரவில்லை. விற்பனையை நிறுத்துங்கள். இதுவரை எத்தனை பை அச்சிட்டீர்கள் என்று 7 நாளுக்குள் தெரிவியுங்கள், அதற்கான கட்டணத்தைச் சொல்கிறேன்.” அவ்வளவுதான். ‘எத்தனை பை’ என்று கேட்டதும் பலருக்குக் குரல் மாறும், ஏனென்றால் அதுவரை அவர்கள் உங்களை மனம் புண்பட்ட ஒரு பெண்ணாகத்தான் பார்த்திருப்பார்கள், அந்தக் கேள்விக்குப் பிறகு கணக்குக் கேட்கிற ஆளாகப் பார்ப்பார்கள்.

பதில் வராவிட்டால் இன்ஸ்டாகிராமிலேயே பதிப்புரிமைப் புகார் படிவம் இருக்கிறது, நிரப்புங்கள். நம் நாட்டு விதிகளிலும் இடம் உண்டு: உரிமையாளர் எழுத்தில் முறையாகப் புகார் கொடுத்தால் அந்தத் தளம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், 21 நாளுக்கு அந்தப் படம் முடக்கப்பட்டிருக்கும், அதற்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு வாங்கி வர வேண்டும். வழக்கு வரை போனால், கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பது பலருக்குத் தெரியாத சலுகை. பெரும்பாலும் ஒரு வக்கீல் நோட்டீஸோடு முடிந்துவிடும்.

கையெழுத்தை அழித்தது தனி விஷயம். இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், அதைச் சிதைக்காதே என்று தடுக்கும் உரிமையும் படத்தை விற்றுவிட்டால்கூடக் கலைஞரிடமே இருக்கும். டெல்லி விக்யான் பவனுக்காக அமர்நாத் சேகல் என்ற சிற்பி வெண்கலத்தில் பெரிய சுவர்ச்சிற்பம் செய்து கொடுத்திருந்தார். 1979ல் அரசாங்கம் அதைக் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டது. அரசு காசு கொடுத்து வாங்கிய பொருள்தான், ஆனாலும் அவர் வழக்குப் போட்டார். 2005ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்த சிற்பத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்து, 5 லட்ச ரூபாய் நஷ்ட ஈடும் தரச் சொன்னது. காசு கொடுத்து வாங்கிய அரசாங்கத்துக்கே அந்தக் கதி. காசே கொடுக்காத பைக் கடைக்காரர் ‘விளம்பரம்’ என்கிறார், அதுவும் விளம்பரம் ஆகவேண்டிய பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு.

என் கதையும் ஒன்று. இருபது வருஷத்துக்கு முன்னால் நான் வரைந்த பொங்கல் படம் ஒன்று ஒரு நகைக்கடையின் வாழ்த்து அட்டையில் வந்தது. நேரில் போனேன். முதலாளி உட்கார வைத்து, காபி வரவழைத்து, “நீங்கதான் வரைஞ்சதா, பிரமாதம்!” என்று கையைக் குலுக்கி, ஒரு தினசரி காலண்டரும் கொடுத்து அனுப்பினார். நானும் சிரித்துக்கொண்டே வாங்கி வந்துவிட்டேன். பஸ் ஏறிய பிறகுதான் எதற்குப் போனேன் என்பதே நினைவுக்கு வந்தது. உங்கள் அம்மா சொல்வது அந்தக் காபி மாதிரிதான்.

*

ஓய்வுபெற்ற தபால்துறை ஊழியர், கும்பகோணம்: தினமும் காலையில் ‘இனிய காலை வணக்கம்’ படம் சுமார் 200 பேருக்கு அனுப்புகிறேன். அதெல்லாம் யாரோ எடுத்த பூ, யாரோ வரைந்த முருகன். என்மேல் கேஸ் வருமா?

வராது, நிம்மதியாகத் தூங்குங்கள். சட்டப்படி முழுக்கச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காசு பார்க்காமல் தெரிந்தவர்களுக்கு அனுப்புகிறவரைத் தேடி யாரும் கும்பகோணம் வரப்போவதில்லை. ஒரே வேண்டுகோள்: படத்தின் கீழே ஓவியர் பெயர் இருந்தால் அதை வெட்டிவிட்டு உங்கள் பெயரைப் போடாதீர்கள், அதற்கென்று ஆப் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த 200 பேர் என்ன நினைக்கிறார்கள் என்பது வேறு கேள்வி, நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

*

டி.டி.பி. சென்டர் வைத்திருப்பவர், மதுரை: கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ், காதணி விழா அழைப்பிதழ் எல்லாம் செய்கிறோம். வருகிறவர்கள் போனை நீட்டி “இதே மாதிரி வேணும்ணே” என்கிறார்கள். எல்லாம் பின்ட்ரெஸ்டில் எடுத்தது. நான் முடியாது என்றால் எதிர்க்கடையில் அரை மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவான். நியாயம் பேசினால் வாடகை யார் கட்டுவது?

நியாயமான கேள்வி. உங்கள் கம்ப்யூட்டரில் ‘பத்திரிகை நியூ’, ‘பத்திரிகை நியூ 2’, ‘நியூ லேட்டஸ்ட்’ என்று ஃபோல்டர்கள் இருக்கும், அதில் பாதி ஒருகாலத்தில் சி.டி.யாக விற்ற ‘5000 டிசைன்’ சமாச்சாரம், யார் செய்தது என்று விற்றவருக்கே தெரியாது. இந்தத் தொழிலில் இருக்கிற யாரையும் நான் திருடன் என்று சொல்லத் தயாரில்லை. நானே 90களில் ஒரு வாரப் பத்திரிகையில் லே-அவுட் பார்த்தவன். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகளைக் கட்டாக வாங்கி வந்து, அதில் இருக்கும் ஆளை ட்ரேசிங் பேப்பரில் எடுத்து, மீசை வைத்து, வேட்டி கட்டிவிட்டு, சிறுகதைக்குப் படம் என்று போட்டிருக்கிறோம். அதற்கு ‘ரெஃபரன்ஸ்’ என்று பெயர். அந்தப் படத்துக்குப் பின்னால் எங்கோ ஒரு ஊரில் ஓர் ஓவியர் இருந்தார் என்பது அப்போது தோன்றவே இல்லை. அவர் எங்களைப் பார்க்க முடியாது என்ற தைரியம். இப்போது பார்க்க முடியும், வித்தியாசம் அவ்வளவுதான்.

உங்கள் கஸ்டமர் சொல்கிற வார்த்தையைக் கவனியுங்கள். ‘இதே மாதிரி’ என்கிறார், ‘இதையே’ என்று சொல்லவில்லை. அதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். தென்னங்கீற்றுப் பந்தல், வாழைமரம், பச்சைக்கிளி ஜோடி, தாமரை பார்டர், மஞ்சள்-குங்குமக் கலர் காம்பினேஷன், இவையெல்லாம் யாருக்கும் சொந்தமில்லை, எண்ணத்துக்கு உரிமை கிடையாது, அந்த எண்ணத்தை ஒருவர் எப்படி வரைந்தாரோ அந்த வரைதலுக்குத்தான் உரிமை. அந்தக் கிளியை அப்படியே வெட்டி ஒட்டினால் ‘இதையே’. நீங்களே ஒரு கிளி வரைந்து, அல்லது வரையத் தெரிந்த ஒரு பையனை வைத்து வரையச் சொல்லி, அதே கலரில் அதே இடத்தில் உட்கார வைத்தால் ‘இதே மாதிரி’. கல்யாண வீட்டார் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். அவர்கள் கண் மணமகன் பெயரில் இனிஷியல் சரியாக இருக்கிறதா என்பதில்தான் இருக்கும்.

சாமி படங்களுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஓவியர் இறந்த வருஷத்திலிருந்து 60 வருஷம் முடியும் வரை உரிமை இருக்கிறது. ராஜா ரவிவர்மா இறந்தது 1906ல், அவர் லட்சுமியையும் சரஸ்வதியையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், அவரே 1894ல் பம்பாயில் அச்சகம் போட்டு வீடு வீடாகப் போய்ச் சேரட்டும் என்று அடித்தவர்தான். ஆனால் நம் வீட்டுப் பூஜையறையில் மாட்டியிருக்கும் காலண்டர் படங்கள் பலவற்றுக்குப் பின்னால் இருக்கும் கோவில்பட்டி சி. கொண்டையராஜு 1976 வரை இருந்தார். அவர் படங்களுக்கு 2036 வரை உரிமை ஓடுகிறது. அது குடும்பத்திடமா, வரையச் சொன்ன அச்சகத்திடமா என்பது அன்றைக்கு என்ன ஏற்பாடு என்பதைப் பொறுத்தது. பழைய படம் என்றாலே ஃப்ரீ என்று நினைக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நிஜமாகவே ஃப்ரீயாகக் கிடைப்பதும் நிறைய இருக்கிறது. நியூயார்க் மெட் மியூசியம் 2017ல் 3,75,000க்கும் மேலான படங்களை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. விக்கிமீடியா காமன்ஸில் கோயில் கோபுரமும் தேரும் கொட்டிக் கிடக்கின்றன, பல படங்களுக்கு எடுத்தவர் பெயர் போட்டால் போதும். வேறு தளங்களில் கிரியேட்டிவ் காமன்ஸ் (படைத்தவரே முன்கூட்டிக் கொடுத்துவைக்கிற பொது அனுமதி) என்று பார்த்தால் கீழே உள்ள எழுத்துகளையும் படியுங்கள், வணிகத்துக்குக் கூடாது என்று ஒரு வகையும், மாற்றக் கூடாது என்று ஒரு வகையும் உண்டு. ‘ஃப்ரீ டவுன்லோட்’ என்று பட்டன் இருப்பதாலேயே எதுவும் ஃப்ரீ ஆகிவிடாது.

வாடகைக்கு வழி: சொந்தமாக வரைந்த பத்து டிசைனை ஒரு ஆல்பமாகப் போட்டு, ‘இது வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது’ என்று 300 ரூபாய் கூடச் சொல்லிப் பாருங்கள். கல்யாண வீட்டாரிடம் இந்த வசனம் எடுபடும் அளவுக்கு வேறு யாரிடமும் எடுபடாது.

*

பொன்னியின் செல்வன் ரசிகர் பக்கம் நடத்துபவர், தஞ்சாவூர்: கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது. அதனால் மணியம் வரைந்த படங்களையும் ஸ்கேன் செய்து ‘நன்றி: மணியம்’ என்று போடுகிறேன். ஒருவர் வந்து தப்பு என்கிறார். நன்றி போட்ட பிறகுமா தப்பு?

அவர் சொல்வது சரிதான். நாட்டுடைமை ஆனது எழுத்து. படம் வேறொருவர் கை. கல்கி 1954ல் மறைந்தார், நாட்டுடைமை ஆக்காமல் இருந்திருந்தாலும் அவர் எழுத்தின் உரிமை 2014ல் முடிந்திருக்கும். மணியம் மறைந்தது 1968ல். 60 வருஷம் கூட்டிக்கொள்ளுங்கள், 2028 கடைசி வரை வருகிறது. ஒரே பக்கத்தில் அச்சான நந்தினிக்கும் அவளைப் பற்றிய வரிகளுக்கும் வேறு வேறு வயசு.

நன்றி போடுவது நல்ல பழக்கம், விடாதீர்கள், நிறையப் பேர் அதுகூடச் செய்வதில்லை. ஆனால் நன்றி என்பது கொடுத்தவருக்குச் சொல்வது. நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், அவர்கள் கொடுக்கவில்லை. ஒரு பாத்திரத்தின் தோற்றத்தை அலசி எழுதும்போது, அதாவது வந்தியத்தேவன் தலைப்பாகையைப் பற்றி நாலு பத்தி எழுதிவிட்டு அந்தத் தலைப்பாகை தெரிகிற ஒரு படத்தைக் காட்டினால், விமர்சனத்துக்குச் சட்டம் விட்டுக் கொடுக்கிற இடத்தில் அது வரும். ஐந்து பாகத்தின் படங்களையும் வரிசையாக ஸ்கேன் செய்து ஆல்பமாகப் போடுவது அதில் வராது. உங்களுக்கு அந்தப் படங்கள் மேல் இருக்கும் காதல் எனக்குப் புரிகிறது. குந்தவையின் கொண்டையைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

*

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: ஒரு மீனவர் பாட்டாவின் போட்டோ நெட்டில் கிடைத்தது. அதைப் பார்த்துப் பென்சிலில் 40 மணி நேரம் உழைத்து வரைந்தேன். விலைக்குக் கேட்கிறார்கள். உழைப்பு என்னுடையது, விற்கலாம்தானே?

40 மணி நேரத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டா எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், வெயில் எந்தக் கன்னத்தில் விழ வேண்டும், பீடிப் புகை கண்ணை மறைக்காத அந்த நொடி எது, இதையெல்லாம் முடிவு செய்தது போட்டோ எடுத்தவர். நீங்கள் அதை அளந்து அளந்து கட்டம் போட்டு மாற்றியிருக்கிறீர்கள், உங்கள் பென்சில் கட்டம் இன்னும் கழுத்துப் பக்கம் லேசாகத் தெரிகிறது.

அமெரிக்காவில் இதற்குப் பெரிய வழக்கே நடந்தது. லின் கோல்ட்ஸ்மித் என்ற புகைப்படக்காரர் 1981ல் பாடகர் பிரின்ஸைப் படம் பிடித்தார். 1984ல் ஒரு பத்திரிகை கோல்ட்ஸ்மித்துக்கு 400 டாலர் கொடுத்து, ஒரே ஒரு தடவை பயன்படுத்த அனுமதி வாங்கி, பிரபல ஓவியர் ஆண்டி வார்ஹாலை வைத்து அதைப் பார்த்து வரையச் சொன்னது. வார்ஹால் அதிலிருந்து வேறு படங்களும் செய்து வைத்திருந்தார். 2016ல் பிரின்ஸ் இறந்ததும் அதில் ஒன்று அட்டைப்படமாக வந்தது. வார்ஹால் அறக்கட்டளைக்கு 10,000 டாலர், போட்டோ எடுத்தவருக்கு ஒன்றும் இல்லை, பெயர்கூட இல்லை. 2023ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அந்த அம்மாள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வார்ஹால் என்ற பெயருக்கே விலக்குக் கிடைக்கவில்லை. நம் ஊர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டதில்லை, ஆனால் கேள்வி ஒன்றுதான்.

பழகுவதற்காக வரைந்து வீட்டில் மாட்டினால் யாரும் கேட்கப் போவதில்லை. விற்க வேண்டும் என்றால் அந்தப் போட்டோகிராபரைக் கண்டுபிடித்து எழுதுங்கள். பலர் சந்தோஷமாகச் சரி என்பார்கள். கிடைக்கவே இல்லை என்றால், திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறினால் உவரியும் மணப்பாடும் எவ்வளவு தூரம்? போய் ஒரு பாட்டாவிடம் பேசி, அவர் சம்மதத்தோடு நீங்களே படம் எடுங்கள். அவருக்கும் ஒரு முகம் இருக்கிறது இல்லையா, அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை.

*

வாசகர், கோயம்புத்தூர்: ஏ.ஐ.யிடம் ‘இளையராஜா ஸ்டைலில் தாவணிப் பெண்’ என்று சொன்னால் நிமிஷத்தில் வந்துவிடுகிறது. பிரேம் போட்டு விற்கிறேன். யார் படத்தையும் நான் காப்பி அடிக்கவில்லையே?

இவர் சொல்வது ஓவியர் எஸ். இளையராஜா. இசையமைப்பாளர் இளையராஜா 2017ல் எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பியபோது டீக்கடை வரைக்கும் ராயல்டி பேசினோம், ஆளுக்கொரு கட்சி எடுத்தோம். ஓவியர் இளையராஜா 2021 ஜூனில் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். அவர் வரைந்த, சன்னல் வெளிச்சம் தோளில் விழும் பெண்களை ‘இது போட்டோ இல்லை, நம்பினால் நம்புங்கள்’ என்ற வரியோடு வாட்ஸ்அப்பில் நாம் எல்லோரும் சுற்ற விட்டோம். முக்கால்வாசி ஃபார்வர்டில் அவர் பெயரே இல்லை. அதற்கு ஒரு டீக்கடையிலும் வாக்குவாதம் நடந்ததாக நினைவில்லை.

சட்டத்தைக் கேட்டால், ஸ்டைலுக்கு உரிமை கிடையாது. மதுரைக்காரருக்குச் சொன்ன அதே ‘இதே மாதிரி’தான். 2025 மார்ச்சில் ஊரே தன் கல்யாணப் போட்டோவை ஏ.ஐ. மூலம் ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ பாணிக் கார்ட்டூனாக மாற்றி மகிழ்ந்ததும் அந்த இடைவெளியில்தான். அந்த மிஷின் யார் யார் படங்களைத் தின்று வளர்ந்தது, அதற்கு அனுமதி வாங்கியதா என்பதில்தான் சண்டை, 2023லேயே அமெரிக்காவில் மூன்று ஓவியர்கள் சேர்ந்து இந்த நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டார்கள்.

ஆனால் நீங்கள் சட்டம் கேட்கவில்லை, சரியா என்று கேட்கிறீர்கள். மதுரைக்காரர் கிளியை மறுபடி வரைய வேண்டும், அதில் அவர் கை படுகிறது, கோணினால் அவர் கோணல். நீங்கள் ஓர் ஓவியரின் பெயரை டைப் செய்தீர்கள். அந்தப் பெயர் இல்லாமல் ‘தாவணிப் பெண்’ என்று மட்டும் போட்டுப் பாருங்கள், வருகிற படத்தை யாராவது பிரேம் போட்டு வாங்குகிறார்களா என்று. வாங்கவில்லை என்றால் நீங்கள் விற்பது அந்தப் பெயரைத்தான். அவர் குடும்பம் இருக்கிறது, அவர் படங்களின் உரிமை 2081 வரை இருக்கிறது, அவர் பெயரில் நடக்கும் வியாபாரத்தில் அவர்களுக்கு ஒரு ரூபாய்கூடப் போவதில்லை. எனக்கு இது ஒப்பவில்லை. ஏ.ஐ. வேண்டாம் என்று சொல்லும் ஆள் இல்லை நான், கடைக்குப் போர்டு டிசைன் யோசிக்க நானே பயன்படுத்துகிறேன், ஆனால் செத்துப்போன மனிதரின் பெயரைப் போட்டு அல்ல.

*

பள்ளி ஆசிரியை, காரைக்குடி: ஊருக்கு உபதேசம் எல்லாம் சரி. உங்கள் பத்திரிகையிலேயே போன இதழில் மழைநீர்க் கட்டுரைக்கு ஒரு ஓவியம், கீழே ‘படம்: இணையம்’. இணையம் என்று ஓர் ஓவியர் இருக்கிறாரா? எந்த ஊர்?

மாட்டிக்கொண்டோம். கடிதத்தை எடுத்துக்கொண்டு லே-அவுட் பகுதிக்குப் போனேன். “கூகுள்ல எடுத்தது சார், எல்லாரும் போடுறதுதானே” என்றார் தம்பி. அவரைச் சொல்லிப் பயனில்லை, அவருக்குக் கட்டுரை வந்தது ராத்திரி ஒன்பது மணிக்கு. படத்தை வைத்தே தேடுகிற வசதியில் போட்டோம், இருபது நிமிஷத்தில் ஓவியர் கிடைத்துவிட்டார். கேரளத்துக்காரர், இளைஞர், தன் இணையப் பக்கத்திலேயே மெயில் முகவரி கொடுத்திருக்கிறார். இருபது நிமிஷம்! ராத்திரி ஒன்பது மணிக்குக்கூட அது இருந்தது.

எழுதினோம். மன்னிப்புக் கேட்டு, நம் ஓவியர்களுக்குக் கொடுக்கிற அதே தொகையைத் தருவதாகச் சொல்லி, இணையப் பதிப்பில் பெயரோடு தொடரலாமா என்று கேட்டோம். அச்சில் வந்ததற்குப் பணத்தை வாங்கிக்கொண்டார், இணையப் பதிப்பில் ‘வேண்டாம், எடுத்துவிடுங்கள்’ என்று ஒரே வரி. காரணம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. எடுத்துவிட்டோம், இப்போது அந்த இடத்தில் ஒரு வாளியின் போட்டோ இருக்கிறது, நான் என் வீட்டு மொட்டைமாடியில் எடுத்தது, பார்க்கச் சகிக்காது.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, நேரமில்லை என்று நாம் சொல்வதெல்லாம் பாதிதான் உண்மை. கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவாரோ என்பதுதான் மீதி. கேட்காதவரை அவர் மறுக்கவில்லை, நாமும் மீறவில்லை, படம் பாட்டுக்கு அழகாக உட்கார்ந்திருக்கும். ‘நன்றி: இணையம்’ என்பது அந்த ‘வேண்டாம்’ காதில் விழாமல் இருக்க நாம் கண்டுபிடித்த பஞ்சு. இந்த இதழிலிருந்து பெயர் தெரியாத படம் போடுவதில்லை என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், மறுபடி எங்கேயாவது ‘இணையம்’ தென்பட்டால் டீச்சர் பிரம்பை எடுக்கலாம்.

*

வாசகர், திருச்சி: இது சின்ன விஷயம். என் 9 வயது மகள் வரைந்த யானைப் படத்தைக் குடும்ப குரூப்பில் போட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். மகளோ ‘என்னைக் கேட்காம ஏன் போட்டீங்க, அது இன்னும் முடியல’ என்று இரண்டு நாளாகப் பேசவில்லை. பெற்ற மகளிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்ன?

சின்ன விஷயம் இல்லை. நம் சட்டம் ஓவியம் என்பதற்குக் கொடுக்கிற விளக்கத்தில், அதற்குக் கலைத்தரம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று தெளிவாக எழுதியிருக்கிறது. வரைந்தவருக்கு இத்தனை வயதாகியிருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. யானையின் உரிமையாளர் உங்கள் மகள்தான். அதிலும் ‘இன்னும் முடியல’ என்கிறாளே, முடியாத படத்தை வெளியே காட்டினால் எந்த ஓவியருக்கும் வருகிற கோபம்தான் அது, எனக்கு 58 வயதில் வருகிறது, அவளுக்கு 9 வயதில் வந்திருக்கிறது.

மன்னிப்புக் கேளுங்கள், சாக்லேட்டோடு வேண்டாம், அது நான் குடித்த காபி மாதிரி ஆகிவிடும். குரூப்பிலிருந்து நீக்க முடிந்தால் நீக்கிவிடுங்கள். முடித்த பிறகு போடலாமா என்று அவளிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் தங்கை அதை எடுத்துத் தன் டி.பி.யாக வைத்துவிட்டார் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதை உங்கள் மகளுக்கு எப்படிச் சொல்லப் போகிறீர்கள் என்பது உங்கள் பாடு.